எந்தப் பலகை வாங்கலாம்?

கடந்த இரண்டு மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். எம்பெடட் லினக்ஸ் கற்றுக்கொள்ள வேண்டும், தொடக்கநிலையினருக்கு ஏற்ற ஒற்றைப் பலகைக் கணினி எது? இருவர் எங்கள் துறையின் இளைய ஆய்வாளர்கள். ஒருவர் கணினி மொழியியல் படிக்கும் முதுகலை மாணவி. மூவருக்கும் "பீகிள்போன் பிளாக் வாங்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் மூன்று சொற்களில் பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகு உறுத்தியது. அந்த மூன்று சொற்களுக்கு நான் வந்து சேர்ந்த வழியில் ஒரு மூதாட்டியின் குரல் தொலைந்துபோயிருக்கிறது. ஆகவே இம்முறை சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

மொழியியல் படிப்பவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நான் ஐதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் ஆய்வு கோலாமி மொழி பற்றியது. தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் மகாராட்டிரத்தின் யவத்மால், வார்தா பகுதிகளிலும் பேசப்படும் நடுத்திராவிட மொழி அது. எமனோ அதற்கு எழுதிய விளக்க இலக்கணம் 1955இல் வெளிவந்தது. இன்றும் அதைத் திறக்காமல் என் வேலை ஒருநாளும் நடப்பதில்லை. கதைகளும் வழக்காறுகளும் முதியவர்களின் நாவில் இருக்கின்றன. அவற்றைப் பதிவுசெய்ய, பருவத்துக்குப் பத்து நாள் மட்டுமே ஊரில் தங்க முடிகிற ஆய்வாளர் போதாது. கதை சொல்லத் தோன்றும் நேரத்தில் ஆய்வாளர் அங்கே இருப்பதில்லை. ஆய்வாளர் இருக்கும் நேரத்தில் பருத்திக் காட்டில் வேலை இருக்கும்.

எனவே ஒரு பெட்டி செய்தேன். பழைய ராஸ்பெர்ரி பை 3, யூஎஸ்பி மைக் ஒன்று, பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று. அழுத்தினால் பதிவு தொடங்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கைப்பேசியிலேயே பதிவுசெய்திருக்கலாமே என்பீர்கள். கைப்பேசி பேரன்களின் விளையாட்டுக்குப் போய்விடும். கள ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒலிப்பதிவுக் கருவியோ விலையும் மிகுதி, பொத்தான்களும் சிறியவை. பெட்டியை நான் அவ்வா என்று அழைக்கும் மூதாட்டியின் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அது 2022 ஆகஸ்ட், மழைக்காலம். மின்வெட்டுக்காகச் சேர்த்து வைத்துவிட்டு வந்த பவர்பேங்க், நான் ஊர் நீங்கிய மறுநாளே யாருடைய கைப்பேசிக்கோ போய்விட்டது. அதில் யார் பிழையும் இல்லை. அந்த வீட்டில் சார்ஜ் இருக்கும் பொருளுக்கு அதுதான் நியாயமான பயன்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பச்சை விளக்கு அசையவில்லை. பல நாள் இரவு உணவுக்குப் பிறகு பொத்தானை அழுத்திவிட்டுக் கதை சொன்னதாக அவ்வா கூறினார். கூறிவிட்டு, "பெட்டி எல்லாத்தையும் கேட்டுச்சா?" என்று தெலுங்கில் விசாரித்தார். "கேட்டுச்சு, அவ்வா" என்றேன். பொய். ஆய்வு அறநெறிக் குழுவுக்குப் படிவம் நிரப்பும்போது தகவலறிந்த ஒப்புதல் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர் சொன்ன பொய்.

அன்றிரவு நான் செய்ததுதான் உண்மையான பிழை. மடிக்கணினியில் எஸ்டி கார்டைச் செருகினேன்; திறக்கவில்லை. என்ன நடந்தது என்று பார்க்க வழி தெரியவில்லை. அந்த ஊரில் திரையும் இல்லை. இருந்திருந்தாலும் திரை கறுப்பாகவே இருந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரே மருத்துவத்தைச் செய்தேன். புதிதாக இயங்குதளத்தின் படிமத்தை அதே கார்டில் எழுதினேன். பெட்டி உடனே உயிர்பெற்றது. சிக்கலைத் தீர்த்துவிட்டேன் என்ற நிம்மதியோடு உறங்கினேன். தடயத்தை அழித்துவிட்டேன் என்பது பேருந்தில் ஐதராபாத் திரும்பும் வழியில்தான் உறைத்தது.

எம்பெடட் லினக்ஸ் என்றால் என்ன என்பதை அந்தத் தோல்வியைக் கொண்டே விளக்கிவிடலாம். நம் வீட்டு வைஃபை ரூட்டரிலும் செட்டாப் பெட்டிகள் பலவற்றிலும் லினக்ஸ் ஓடுகிறது. யாரும் அதில் உள்நுழைவதில்லை. முறையாக அணைப்பதும் இல்லை. சுவிட்சை நிறுத்துகிறோம், அவ்வளவே. மறுநாள் அது ஒன்றும் நடவாததுபோல் எழுகிறது. மேசைக் கணினிக்கான லினக்ஸோ, யாரேனும் ஒருவர் ஒழுங்காக அணைப்பார் என்ற நம்பிக்கையில் வாழ்வது. கோப்பில் எழுதச் சொன்னால் உடனே எழுதாது. நினைவகத்தில் வைத்துக்கொண்டு, இயல்பான அமைப்பில் ஏறத்தாழ அரை நிமிடம்வரைகூடத் தாமதித்து எழுதும். எஸ்டி கார்டுக்குள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சிப்போ தன் வசதிக்கேற்ப உள்ளே பக்கங்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். மாற்றும் நொடியில் மின்சாரம் போனால், அப்போது எழுதப்படாத பழைய கோப்புகூடச் சிதையக்கூடும். மேசைக்கான இயங்குதளத்தை எடுத்து மழைக்கால ஆதிலாபாத்தில் ஒரு பெட்டிக்குள் வைத்தவர் நான். ராஸ்பெர்ரி பை என்னை ஏமாற்றவில்லை.

ஆகவே இதை ஒழுங்காகக் கற்பது என்று முடிவு செய்தேன். கற்பதற்கு எந்தப் பலகை? அங்கே இரண்டாவது பிழை செய்தேன். எனக்குக் கிடைப்பது நெட் அல்லாத உதவித்தொகை, மாதம் 8,000 ரூபாய். இணையத்தில் ஒரு பலகை மலிவாகக் கிடைத்தது. பெயர் வேண்டாம். ராஸ்பெர்ரி பையைவிட வேகமான செயலி, கூடுதல் நினைவகம், பாதி விலை. அட்டவணை போட்டு ஒப்பிட்டுப் பார்த்தபோது எல்லா நிரலிலும் அதுவே வென்றது. அட்டவணையில் நான் சேர்க்காத நிரல் ஒன்று இருந்தது: இதைப் பற்றி யார், எங்கே, எவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள்?

அந்தப் பலகைக்கான லினக்ஸ் ஒரு கோப்புப் பகிர்வுத் தளத்தில் ஒற்றைப் படிமமாகக் கிடைத்தது. அதன் கெர்னல் பல ஆண்டுகளுக்கு முந்தியது. செயலியைத் தயாரித்த நிறுவனம் மூல லினக்ஸிலிருந்து பிரித்தெடுத்துத் தன் போக்கில் திருத்தி, பிறகு கைவிட்டுவிட்ட கிளை. புதிய கெர்னலை ஏற்றினால் ஒலியும் இல்லை, யூஎஸ்பியும் இல்லை. செயலியின் கையேடு வெளியிடப்படவில்லை. பலகையின் மின்சுற்று வரைபடம் மங்கலான ஒரு பிடிஎஃப். ஐயம் கேட்டவர்களின் பதிவுகள் பல இருந்தன, விடைகள் இல்லை. இலக்கணமும் அகராதியும் உரைத்தொகுப்பும் இல்லாத மொழியைப் புதிதாக வரும் மாணவருக்கு முதல் ஆய்வுப் பொருளாக எந்த நெறியாளரும் தரமாட்டார். அதுவும் செய்யவேண்டிய பணிதான், ஆனால் பத்தாண்டு அனுபவத்துக்குப் பிறகு செய்யவேண்டிய பணி. இதை நன்கு அறிந்திருந்தும் பலகை வாங்கும்போது மறந்தேன்.

இதன் பிறகுதான் பீகிள்போன் பிளாக்கைப் பற்றிப் படித்தேன். 2013இல் வெளிவந்த பலகை. 1 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒற்றைக் கருச் செயலி, 512 எம்பி நினைவகம். இன்றைய கைப்பேசிகளோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். என் ஒரு மாத உதவித்தொகையின் பெரும்பகுதி அதற்குப் போனது. ஆனால் அந்தச் செயலிக்கு நாலாயிரம் பக்கங்களைக் கடந்த தொழில்நுட்பக் கையேடு பொதுவெளியில் இருக்கிறது. பலகையின் முழு மின்சுற்று வரைபடமும் வெளியிடப்பட்டிருக்கிறது. மூல லினக்ஸ் கெர்னல் எந்தத் திருத்தமும் இன்றி அதில் ஓடுகிறது. பிரான்சைச் சேர்ந்த பூட்லின் என்னும் நிறுவனம் தன் எம்பெடட் லினக்ஸ் பயிற்சியின் படவில்லைகளையும் செய்முறைக் குறிப்புகளையும் கட்டணமின்றி வெளியிட்டிருக்கிறது. அந்தச் செய்முறைகள் இந்தப் பலகையை வைத்தே படிப்படியாக எழுதப்பட்டவை. ஆசிரியர் இல்லாமல் கற்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ராஸ்பெர்ரி பை போதாதா என்று மூவருமே கேட்டார்கள். லினக்ஸைப் பயன்படுத்தக் கற்கவும், பைத்தானில் விளக்கு எரிய வைக்கவும் அதைவிட இணக்கமான பலகை கிடையாது. அதன் பயனர் கூட்டம் பெரியது, அன்பானது. ஆனால் அதில் மின்சாரம் வந்தவுடன் முதலில் விழிப்பது நாம் நிரல் எழுதும் ஆர்ம் செயலி அன்று, வரைகலைச் செயலி. மூலநிரல் வெளியிடப்படாத ஒரு நிரல் அதில் ஓடி, கெர்னலை நினைவகத்தில் ஏற்றிவைத்த பிறகே ஆர்ம் எழுகிறது. பாதிக் கதை திரைக்குப் பின்னால் முடிந்துவிடுகிறது. பயனருக்கு அது வசதி. கற்பவருக்கு முதல் அத்தியாயம் கிழிந்த நூல்.

பீகிள்போனில் அந்த அத்தியாயத்தைக் கண்ணால் பார்க்கலாம். அதற்கு வேண்டியது யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று. பலகையைவிட இதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். கோட்டீ பகுதியின் குஜராத்தி கல்லியில் அதைக் கேட்டபோது கடைக்காரர் 5 வோல்ட் கேபிளை எடுத்து நீட்டினார். 3.3 வோல்ட் வேண்டும் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, எல்லாரும் இதையே வாங்கிட்டுப் போறாங்க" என்றார். ஒன்று அன்று, 5 வோல்ட் சமிக்ஞை பலகையின் உள்ளீட்டைச் சேதப்படுத்தக்கூடும். இரண்டு கடை ஏறி இறங்கிச் சரியானதை வாங்கினேன்.

பலகையில் வரிசையாக ஆறு ஊசிகள் உண்டு. முதலாவது தரை, நான்காவது பெறுவது, ஐந்தாவது அனுப்புவது. கேபிளை இணைத்து, கார்டு எதுவும் செருகாமல், பலகையின் பூட் பொத்தானை அழுத்திக்கொண்டு மின்சாரம் கொடுத்தேன். சற்று நேரத்தில் மடிக்கணினித் திரையில் ஆங்கில எழுத்து 'சி' ஒன்று தோன்றியது. பிறகு இன்னொன்று. வரிசையாக வந்துகொண்டே இருந்தன. சிப்பிலேயே நிலையாகப் பொறிக்கப்பட்ட சிறு நிரல், கார்டில் தேடி எதுவும் கிடைக்காமல், இந்தக் கம்பி வழியாகவேனும் யாராவது ஒரு நிரலை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஆதிலாபாத்தில் இருந்த பெட்டியும் ஏதோ சொல்ல முயன்றிருக்கலாம். என்னிடம் கேட்கும் கம்பி இல்லை.

அதன் பிறகான வரிசை எளிது. பொறிக்கப்பட்ட நிரல் யு-பூட்டின் சிறு முற்பகுதியை ஏற்றும். அது வெளி நினைவகத்தை எழுப்பி முழு யு-பூட்டை ஏற்றும். யு-பூட் கெர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் ஏற்றும். கெர்னல் கோப்பு முறைமையைப் பற்றிக்கொண்டு முதல் நிரலைத் தொடங்கும். ஒவ்வொரு கட்டமும் சீரியல் திரையில் தன் பெயரைச் சொல்லிவிட்டு நகரும். எங்கே நின்றதோ அங்கேதான் கோளாறு. "கெர்னல் தொடங்குகிறது" என்ற பொருள்படும் வரியோடு என் திரை மூன்று இரவுகள் மௌனமாகியது. கெர்னல் இறந்துவிட்டதென்றே எண்ணினேன். உண்மையில் அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பேச வேண்டிய வாயிலின் பெயரைத்தான் நான் தவறாகக் கொடுத்திருந்தேன். பழைய கெர்னல்களில் அந்தப் பெயர் 'டிடிஒய்ஓ0', புதியவற்றில் 'டிடிஒய்எஸ்0'. பழைய பெயரைக் கொடுத்தாலும் புரிந்துகொள்ளும் வசதி கெர்னலில் உண்டு. அளவைக் குறைக்கும் ஆவலில் அதை நானே நீக்கியிருந்தேன். ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் சொல்லிணைகளை வகுப்பில் காட்டிச் சம்பளம் வாங்குபவருக்கு வேண்டிய தண்டனைதான்.

டிவைஸ் ட்ரீ என்பதும் பலரை மிரட்டும் சொல். பலகையில் எந்தச் சிப் எந்த முகவரியில் எந்தக் கம்பியில் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் ஒரு விவரண உரைக்கோப்பு, அவ்வளவுதான். எனக்கு அது புரிந்தது ஒரு கடிகாரத்தால். பீகிள்போனில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் இல்லை. ஒவ்வொரு முறையும் பழைய தேதியோடு எழும். தேதியற்ற களப்பதிவு ஆவணக் காப்பகத்துக்கு அரைப் பதிவே. ஆகவே டிஎஸ்3231 என்னும் சிறிய கடிகாரச் சிப்பை இரண்டு சமிக்ஞைக் கம்பிகளில் இணைத்து, டிவைஸ் ட்ரீயில் அதன் பெயரையும் முகவரியையும் நான்கைந்து வரிகளில் எழுதினேன். அடுத்த முறை பலகை சரியான நேரத்தோடு விழித்தது. அந்த மகிழ்ச்சியை எங்கள் துறையில் யாரிடமும் விளக்க முடியவில்லை.

ஆறு மாதம் ஆயிற்று. பில்ட்ரூட் என்னும் கருவியைக் கொண்டு வேண்டியவற்றை மட்டும் தொகுத்து என் பெட்டிக்கான லினக்ஸை நானே கட்டினேன். (யோக்டோ என்று இன்னொன்று உண்டு; தொழில்துறையில் அதற்கே மதிப்பு. முதல் ஆண்டில் அதைத் தொடாதீர்கள்.) இயங்குதளம் முழுவதும் படிக்க மட்டுமே இயலும் பகுதியில், பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட 4 ஜிபி இஎம்எம்சியில் இருக்கிறது, மின்சாரம் எப்போது போனாலும் அதில் எதுவும் எழுதப்பட்டுக்கொண்டிருக்காது. குரல் தனியாக எஸ்டி கார்டில், ஒரு நிமிடக் கோப்புகளாக, ஒவ்வொன்றும் முடிந்தவுடன் கட்டாயமாக எழுதி முடிக்கப்படுகிறது. ஒரு மூலையில் சிறு லித்தியம் மின்கலம். பலகையில் அதை இணைப்பதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. மின்கலத்தில் ஓடும்போது யூஎஸ்பிக்கு 5 வோல்ட் கிடைக்காது, மைக் அணைந்துவிடும். பரவாயில்லை. கோப்பை மூடிவிட்டு ஒழுங்காக உறங்கப் போக அந்தச் சில விநாடிகள் போதும்.

புதிய பெட்டியோடு போன நாளில் அவ்வாவிடம் உண்மையைச் சொன்னேன். பழைய பெட்டி எதையும் கேட்கவில்லை, நான் பொய் சொன்னேன் என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கேக்காத பெட்டிகிட்டயா இத்தனை நாள் பேசினேன்" என்று சொல்லிச் சிரித்து, வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லிக் கேலி செய்தார். கதைகளை மறுபடி சொன்னார். மறுபடி சொன்னவை சுருக்கமானவை. நான் எதிரில் இருந்ததாலா, ஒருமுறை சொல்லி முடித்த களைப்பாலா, அல்லது அந்த இரவுகளின் கதை அவ்வளவுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இல்லை.

முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. கற்றதற்குப் பிறகு ஒன்று புரிந்தது. 32 ஜிபி கார்டில் நான் எழுதிய படிமம் முதல் சில ஜிபிகளை மட்டுமே மூடியிருக்கும். எஞ்சிய இடத்தைக் கோப்பு முறைமை தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டாலும் முழுவதையும் துடைப்பதில்லை. கோபத்தில் மேசை இழுப்பறையில் எறிந்திருந்த அந்தக் கார்டை எடுத்து, அதில் எதையும் எழுதாமல், முழுவதையும் பிட் பிட்டாகப் படியெடுத்தேன். நான் பதிவுசெய்த முறையில் ஒரு விநாடிக் குரல் 96,000 பைட்டுகள். குரலின் அடுத்தடுத்த மதிப்புகள் சீராக ஏறி இறங்கும். மற்றத் தரவுகள் தாறுமாறாகத் தாவும். அந்த ஒரு வேறுபாட்டை வைத்துத் தேடும் சிறு நிரல் ஒன்றை எழுதி இரவு முழுவதும் ஓடவிட்டேன்.

இரண்டு துண்டுகள் கிடைத்தன. ஒன்று ஒன்பது நிமிடம், மற்றது நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கோப்பின் பெயர் இல்லை, தேதி இல்லை. நீளமான துண்டு ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்கி வேறொரு வாக்கியத்தின் நடுவில் முடிகிறது. பின்னணியில் மழை பெய்கிறது. அந்தப் பகுதி மறுபடி சொன்ன கதைகளில் எதிலும் இல்லை. எழுத்துப்பெயர்ப்பு நடந்துகொண்டிருக்கிறது, அடுத்த மாதம் அதை அவ்வாவுக்குப் போட்டுக் காட்டி, தொடக்கமும் முடிவும் என்ன என்று கேட்க வேண்டும்.

கேட்ட மூவருக்கும்: இப்போதே பணம் செலவழிக்காதீர்கள். பூட்லின் செய்முறைகளுக்குப் பலகையே இல்லாமல், க்யூஎம்யூ என்னும் போலிக் கணினியில் செய்யும் வடிவமும் உண்டு. இரண்டு வாரம் அதில் பழகிப் பாருங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால் பீகிள்போன் பிளாக், அல்லது கையில் சற்றுப் பணம் இருந்தால் அதே குடும்பத்தின் புதிய பலகையான பீகிள்பிளே. அதற்கும் அதே செய்முறைகள் உண்டு. கேபிள் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, 3.3 வோல்ட். எடுத்துச் செல்பவர் ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போகவும்.